பெருசு ராஜா, சின்னது ராணி: ஆமையைத் தொந்தரவு பண்ணாம ஆணா பெண்ணான்னு பார்க்க வழி இருக்கா?

#1 லயன்வீட்டு வாசு, சுங்கை சிப்புட்
திங்கள், இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். நான் இங்க படிச்சிட்டுப் போற ஆளு, எழுதுறது கம்மி. இன்னைக்கு வேற வழி இல்ல.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர் பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில, ரெண்டு ஆமைக்குஞ்சு வாங்கினேன். ரெண்டும் சேர்த்துப் பத்து வெள்ளி. அப்போ பழைய ஒரு வெள்ளிக் காசைவிடக் கொஞ்சம்தான் பெருசு. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னாடி சிவப்புக் கோடு. "இது ஆம்பள, இது பொம்பள, ஜோடி"ன்னு கடைக்காரத் தவுக்கே சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. வளர வளர ஒண்ணு பெருசாச்சு, ஒண்ணு சின்னதாவே நின்னுடுச்சு. பிள்ளைங்க பெருசுக்கு ராஜா, சின்னதுக்கு ராணின்னு பேர் வச்சாங்க.

இப்போ பிரச்சனை என்னன்னா, ரெண்டு வாரமா ராணி தண்ணிக்குள்ள ராஜா மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு, ரெண்டு கையையும் நீட்டி அவன் கன்னத்துல படபடன்னு நடுக்குது. ராஜா தின்றதை நிறுத்திட்டான். ராத்திரி முழுக்கத் தொட்டிச் சுவத்தைப் பிறாண்டுறான். வீட்டுக்காரிக்குத் தூக்கம் இல்ல. எங்கம்மா, "பொட்டச்சி அடிக்கிறா, அவன் தப்பிச்சு ஓடப் பாக்குறான்"ங்கிறாங்க.

மில்லுல கூட வேலை செய்ற ஒருத்தன், வாலுக்கு அடியில இருக்கிற ஓட்டையில விரலை விட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்னான். கேட்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. கைய வைக்காம, பார்த்தே கண்டுபிடிக்க வழி இருந்தா சொல்லுங்க.

#2 தே ஓ கோசோங்
திங்கள், இரவு 9.52

மோதிரத்தை நூல்ல கட்டி ஆமை மேல தொங்கவிடு மச்சான். வட்டமா சுத்துனா பொண்ணு, நேரா ஆடுனா ஆணு. எங்கக்கா ரெண்டு பிரசவத்துக்கும் பாட்டி பார்த்தாங்க. ஒரு தடவை சரியா சொல்லுச்சு.

#3 கிளினிக் கலா, ஈப்போ
திங்கள், இரவு 10.31

வாசு அண்ணே, முதல்ல அந்த விரல் விஷயத்தை மறந்துடுங்க. வாலைப் பிடிச்சுத் தூக்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது, வால் எலும்பு பிசகிடும். நான் ஒரு விலங்கு கிளினிக்ல பதினோரு வருஷமா உதவியாளரா இருக்கேன். இந்த மாதிரி "பரிசோதனை" பண்ணிட்டு ரத்தத்தோட கொண்டு வந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

உங்ககிட்ட இருக்கிறது சிவப்புக் காது ஆமை, அமெரிக்கா இனம். இதுல பெரிய உடம்பு பெண்ணோடது. ஆம்பளைன்னா பெருசா இருக்கணும்னு நம்ம கணக்கு. இந்த இனத்துல அது தலைகீழ். அதனால பேரை மாத்த இப்பவே தயாராகிக்குங்க. ஆனா உருவத்தை மட்டும் வச்சு நான் சொல்ல மாட்டேன், தீனி அதிகம் கிடைச்ச ஆணும் பெருசாகலாம். மூணு இடம் பாருங்க.

முன்னங்கால் நகம்: ஆணுக்கு நீளமா, கோழிக்கால் மாதிரி வளைஞ்சு இருக்கும். பெண்ணுக்குக் கட்டை.

வால்: ஆணுக்கு அடிப்பக்கம் தடிச்சு நீளம். பெண்ணுக்குச் சின்ன முக்கோணம் மாதிரி.

அடுத்தது ரொம்ப முக்கியம், வாலுக்கு அடியில இருக்கிற துவாரம் எங்க இருக்குன்னு பாருங்க. வாலை நேரா விட்டா, ஆணுக்கு அந்தத் துவாரம் மேலோட்டு விளிம்பைத் தாண்டி வெளிய இருக்கும். பெண்ணுக்கு விளிம்புக்கு உள்ளேயே, உடம்பை ஒட்டி இருக்கும்.

ஆமையைக் கவுத்துப் போட்டு ரொம்ப நேரம் வச்சிருக்காதீங்க, பயந்து காலையும் வாலையும் மடிச்சுக்கும், ஒண்ணும் தெரியாது. எங்க கிளினிக்ல செய்றதைச் சொல்றேன். அடிப்பக்கம் தெளிவாத் தெரியுற பிளாஸ்டிக் டப்பால ஆமையை விட்டு, ரெண்டு நாற்காலிக்கு நடுவுல டப்பாவை வச்சு, கீழ படுத்து ஹேண்ட்போன்ல படம் எடுங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல அதுவா வாலை நீட்டி நடக்கும். அப்போ எடுக்குற ஒரு படம் போதும். டப்பாவுக்கு அடியில ஒரு ஸ்கேலை டேப் போட்டு ஒட்டிட்டா அளவும் கிடைச்சிடும்.

இன்னொண்ணு அவசரம். பெரிய ஆமை, தின்னல, ராத்திரி சுவர் பிறாண்டுது. எனக்கு இது சண்டையா தெரியல. முட்டை வச்சிருக்கலாம். ஆணா பெண்ணான்னு முடிவு ஆகுற வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே மணல் வச்சுக் குடுங்க. முட்டை போட இடம் இல்லன்னா உள்ளேயே அடக்கி வச்சு உயிருக்கே ஆபத்தாகும்.

தவுக்கே பத்தி: அந்தக் காசு அளவுல ஆணா பெண்ணான்னு கண்ணால பார்த்துச் சொல்ல யாராலயும் முடியாது. ஆணுக்கு அடியோடு, அதாவது வயித்துப் பக்கத்து ஓடு, பத்து சென்டிமீட்டர்கிட்ட வந்தப்புறம்தான் நகமும் வாலும் வேலை செய்ய ஆரம்பிக்கும். ஜோடின்னு வித்தது பத்து வெள்ளியோட மந்திரம்.

#4 ஈயக்குட்டை மாமா, கம்பார்
செவ்வாய், காலை 6.15

கலா பொண்ணு சரியா சொல்லுது. நாங்க சின்ன வயசுல ஈயக்குட்டையில தூண்டில் போடுறப்போ மீனைவிட ஆமைதான் மாட்டும். லாபி-லாபின்னு ஒண்ணு இருக்கே, மெத்து ஓடு, பன்னி மூக்கு, அது கடிச்சா இடி இடிச்சாதான் விடும்னு எங்கப்பா பயமுறுத்துவாரு. அதுலயும் ஆம்பளைக்கு வால் ஓட்டு விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும். பொம்பளைக்கு வால் இருக்கிறதே தெரியாது. அந்தக் காலத்துல ஸ்கேல் இல்ல, படம் இல்ல, பின்னாடி பார்த்தோம், சொன்னோம்.

ஆனா குட்டியைப் பார்த்து நாங்களும் சொன்னதில்ல. "வளரட்டும்டா"ன்னு தூக்கித் தண்ணியில போட்டுடுவோம்.

#5 கோலகங்சார் குமார்
செவ்வாய், காலை 8.03

நான் பல ஆண்டுகளாக ஆமை வளர்ப்பவன் என்ற முறையில் ஒரு திருத்தம். வால், நகம் இவற்றைவிட எளிய வழி அடியோடு. உள்பக்கம் குழிந்திருந்தால் ஆண், தட்டையாக இருந்தால் பெண். இணைசேரும்போது பெண்ணின் முதுகில் வழுக்காமல் நிற்பதற்கான அமைப்பு அது. விரலால் தடவினாலே தெரியும். இவ்வளவு பெரிய விளக்கம் தேவையில்லை.

மேலும், கையை நடுக்குவது ஆண் மட்டுமே செய்யும் காதல் சைகை. ஆகவே ராணி ஆண். விஷயம் முடிந்தது.

#6 கிளினிக் கலா, ஈப்போ
செவ்வாய், மதியம் 1.20

குமார் சார், குழி விஷயம் உண்மைதான், ஆனா எல்லா ஆமைக்கும் ஒரே மாதிரி இல்ல. தரை ஆமைக்கு நல்லாத் தெரியும். நம்ம ஊர் கூரா-கூரா காத்துப், அதாவது அடியோட்டைக் கதவு மாதிரி மூடிக்கிற ஆமை, அதுலயும் ஆணுக்கு லேசான குழி இருக்கும். சிவப்புக் காது ஆமை தண்ணிக்குள்ளயே இணைசேருது, அதுக்கு அந்தக் குழி ரொம்ப மங்கல். தடவிப் பார்த்து நானே ரெண்டு தடவை ஏமாந்திருக்கேன்.

கை நடுக்குறதும் அப்படித்தான். வயசுக்கு வராத குட்டிங்க விளையாட்டா செய்யும். ஆண் இன்னொரு ஆண் முன்னாடியும் செய்யும். ராணி ஆணா இருக்க வாய்ப்பு அதிகம்னு நானும் நினைக்கிறேன், ஆனா அதுக்குக் காரணம் நடுக்கம் மட்டும் இல்ல. ஒரே அடையாளத்தை வச்சு முடிவு பண்றதுதான் எங்க கிளினிக்ல பாதிப் பேர் பண்ற தப்பு.

#7 லயன்வீட்டு வாசு, சுங்கை சிப்புட்
செவ்வாய், இரவு 8.48

தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கிற பெரிய டப்பா இருந்துச்சு. அம்மா திட்டத் திட்ட எடுத்தேன். ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவுல டப்பா, நான் சிமெண்டுத் தரையில மல்லாந்து படுத்து மேல பார்க்குறேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரமா நின்னு, "வாசு, உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"ன்னாரு.

முதல்ல ராஜா. அஞ்சு நிமிஷம் அசையல. அப்புறம் ஒரு பின்னங்காலை நீட்டுச்சு, பிளாஸ்டிக்ல நகம் கீறுற சத்தம், வால் மெல்ல இறங்குச்சு. என் சுண்டுவிரல் நுனி அளவுதான் வால். துவாரம் ஓட்டு விளிம்புக்கு உள்ளேயே அடங்கிப் போச்சு. ராணியை விட்டதும் அது நிக்கவே இல்ல, டப்பாவுக்குள்ள ஓடுது. வால் தடியா ஒரு பக்கமா மடிஞ்சு கிடக்கு. நீட்டினப்போ துவாரம் விளிம்புக்கு வெளிய, ஒரு விரற்கடை தள்ளி.

அளவு:
ராஜா மேலோடு 19 சென்டிமீட்டர், முன்னங்கால் நடு நகம் 0.7.
ராணி மேலோடு 13 சென்டிமீட்டர், முன்னங்கால் நடு நகம் 1.6.

உடம்புல சின்னது, நகத்துல ரெண்டு மடங்கு. ஆக ஆறு வருஷமா ராஜான்னு கூப்பிட்டது ஒரு பொம்பளையை. அம்மா சிரிச்ச சிரிப்புக்கு இருமலே வந்துடுச்சு. பேரை மாத்த மாட்டேன்னு சின்னவ அழுவுறா.

மணல் நாளைக்கு வாங்குறேன்.

#8 தே ஓ கோசோங்
செவ்வாய், இரவு 9.05

நகம் வளர்த்துகிட்டு வந்து கன்னத்தைத் தடவுறவனை ராணின்னு கூப்பிட்டா அவனுக்குக் கோவம் வராதா?

#9 லயன்வீட்டு வாசு, சுங்கை சிப்புட்
புதன், மாலை 6.22

அவசரம்!! ராணியைத் தொட்டியிலிருந்து தூக்கிப் பாசி தேய்ச்சு வெதுவெதுப்பான தண்ணியில கழுவினேன். திடீர்னு வாலுக்கு அடியிலிருந்து கருஊதா கலர்ல, வழவழன்னு, காளான் விரிஞ்ச மாதிரி ஒண்ணு வெளிய வந்துச்சு. அம்மா "குடல் சரிஞ்சிடுச்சுடா"ன்னு கத்த, நான் கையை உதறிட்டேன். நல்ல வேளை தண்ணியிலதான் விழுந்துச்சு. இப்போ உள்ள போயிடுச்சு. என்ன செய்யணும்? ஈப்போ வரவா?

#10 கிளினிக் கலா, ஈப்போ
புதன், மாலை 6.40

பதறாதீங்க அண்ணே. குடல் இல்ல. அதுதான் அவனோட ஆணுறுப்பு. ஆமையோட உடம்புக்கு அது பெருசா, இருட்டு நிறமா இருக்கும், முதல் தடவை பார்க்குற எல்லாரும் குடல்னுதான் நினைப்பாங்க. கையில எடுக்குறப்போ, வெதுவெதுப்பான தண்ணி படுறப்போ சில ஆணுங்க தானா வெளிய விரிச்சுக் காட்டும். சில நிமிஷத்துல உள்ள இழுத்துக்கிட்டா ஒண்ணும் பயம் இல்ல.

உள்ள போகாம மணிக்கணக்கா தொங்கினா, வீங்கினா, காஞ்சு போனா, அல்லது கூட இருக்கிற ஆமை அதைக் கடிச்சா, அது வேற விஷயம். ஈரத்துணி போட்டு, தனியா வச்சு, உடனே கிளினிக்குக் கொண்டு வரணும். நீங்களா உள்ள தள்ளாதீங்க.

இதுக்கு மேல ராணிக்குச் சாட்சி தேவையில்ல. வால், நகம் எல்லாத்தையும்விட இது உறுதி.

இந்தத் தானா விரியுற குணத்தை வச்சே ஒரு முறை இருக்கு. அமெரிக்காவுல சில ஆராய்ச்சியாளர்கள் 2017ல எழுதியிருக்காங்க. வெளி அடையாளம் சரியாத் தெரியாத நன்னீர் ஆமைங்களோட அடியோட்டுலயும் வால் பக்கத்துலயும் சின்ன அதிர்வுக் கருவியை வச்சா, ஆணா இருந்தா உறுப்பு தானா வெளிய வருதாம். அறுக்க வேண்டாம், ஊசி வேண்டாம். ஒரு இனத்துல எல்லா ஆணும் காட்டிக் குடுத்துச்சு, மத்த இனத்துல எல்லா ஆணுக்கும் வரல. அதனால வந்தா ஆண் நிச்சயம். வரலன்னா பெண்ணுன்னு அர்த்தம் இல்ல.

யாரும் கால் மசாஜ் மெஷினைத் தூக்கிகிட்டு ஓடாதீங்க. முக்கியமா தே ஓ கோசோங்.

#11 தே ஓ கோசோங்
புதன், மாலை 6.44

எடுத்த மெஷினை வச்சிட்டேன் அக்கா.

#12 லயன்வீட்டு வாசு, சுங்கை சிப்புட்
வெள்ளி, இரவு 11.35

நேத்து லீவு போட்டு ஈப்போ போனேன். எக்ஸ்ரே எடுத்தாங்க. படத்துல ஓட்டுக்குள்ள கூழாங்கல் அடுக்கின மாதிரி நீள்வட்டமா தெரிஞ்சுது. டாக்டர் பேனாவால தொட்டுத் தொட்டு எண்ணினார்: ஏழு. "எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க, போட்டப்புறம் எண்ணிப் பாருங்க, ஒண்ணு உள்ள தங்கினாலும் ஆபத்து"ன்னார். உறைஞ்ச ஓடு இருந்தாத்தான் எக்ஸ்ரேல தெரியுமாம், அதுக்கு முன்னாடி சினைப்பையில இருக்கிறதைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் சரியாம்.

வீட்டுல சிமெண்டு கலக்குற பழைய தொட்டி ஒண்ணு இருந்துச்சு. ஆத்து மணலும் கொல்லை மண்ணும் கலந்து ஒரு சாண் ஆழத்துக்குப் போட்டு, கையில பிடிச்சா உருண்டை நிக்கிற ஈரத்துக்குத் தண்ணி தெளிச்சேன். மேல சாக்கு கட்டி மறைச்சேன். ராஜாவை விட்டேன். ரெண்டு மணி நேரம் சுத்திச் சுத்தி வந்துச்சு. அப்புறம் மூலையில நின்னு, பின்னங்கால் ரெண்டாலயும் மாத்தி மாத்தித் தோண்டுச்சு. இடதுகால் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து ஓரமா வைக்கும், வலதுகால் ஒரு கைப்பிடி. திரும்பிப் பார்க்கவே இல்ல. எங்கம்மா வெளிக்காட்டுல பால்மரத்துக்கு உரக்குழி வெட்டினவங்க. "கண்ணால பார்க்காமயே எவ்வளவு அளவா வெட்டுறா பாரு"ன்னாங்க. அப்பதான் முதல் தடவையா ராஜாவைப் பத்தி அவங்க வாயில "வெட்டுறா" வந்துச்சு, "வெட்டுறான்" போய்.

ஏழும் போட்டுடுச்சு. எண்ணிட்டேன். காலையில ஒரு கட்டு கங்கோங் கீரையைத் தின்னு தீர்த்துட்டா.

இப்போ ஏழு முட்டையை என்ன பண்றது? ராணி கூடவேதான் இருந்திருக்கான்.

#13 கிளினிக் கலா, ஈப்போ
சனி, காலை 7.50

ஏழும் வந்துடுச்சா, நிம்மதி.

முட்டையைப் பொரிக்க விடாதீங்க அண்ணே. கஷ்டமான பேச்சுதான். இந்த இனத்தை உலகத்துலயே மோசமான நூறு ஊடுருவி உயிர்கள்ல ஒண்ணா பட்டியல் போட்டிருக்காங்க. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இறக்குமதியை நிறுத்திடுச்சு. ஏழு குட்டி பெருசானா ஏழு தொட்டி வேணும், முப்பது வருஷம் இருக்கும். கடைசியில என்ன நடக்கும்? பக்கத்து ஈயக்குட்டை, இல்லன்னா கோயில் குளம். சாம் போ தோங் கோயில் குளத்துக்குப் போய்ப் பாருங்க, வீடு வீடா வளர்த்து விட்டதெல்லாம் எங்க போகுதுன்னு தெரியும். போட்ட அன்னைக்கே ஃப்ரீசர்ல வச்சிட்டா உள்ள எதுவும் வளர ஆரம்பிக்காது.

இன்னொண்ணு: ஒரு தடவை சேர்ந்தா அந்த விந்தை உடம்புக்குள்ள சேமிச்சு வச்சு, ஆண் இல்லாமலேயே அப்புறமும் கருவுள்ள முட்டை போட முடியும். ஆண் பக்கத்துலயே இல்லன்னாலும் கரு இல்லாத முட்டை போடும். அதனால ரெண்டையும் பிரிச்சு வச்சாலும் மணல் தொட்டியை எடுத்துடாதீங்க.

#14 ஈயக்குட்டை மாமா, கம்பார்
சனி, காலை 8.30

ஃப்ரீசர்ல வைக்கிறதா? கேக்கவே மனசு வலிக்குதும்மா. எங்க காலத்துல ஆமை முட்டை போட்ட இடத்துல கால் படக்கூடாதுன்னு சுத்திப் போவோம்.

#15 கிளினிக் கலா, ஈப்போ
சனி, காலை 8.41

நீங்க சுத்திப் போனது நம்ம ஊர் ஆமையோட முட்டை மாமா. அந்த ஆமைங்க இருந்த குட்டையிலதான் இப்போ இது உக்காந்திருக்கு.

#16 படிவம் ஐந்து தமிழரசி
சனி, காலை 10.12

வாசு மாமா, எனக்குப் பள்ளியில அறிவியல் திட்டப்பணி இதே தலைப்புதான், அதனால கேக்குறேன். முட்டை புதைச்ச மண்ணோட சூட்டை அளந்தீங்களா? இந்த ஆமைக்கு ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது குரோமோசோம் இல்ல, முட்டை இருக்கிற இடத்தோட வெப்பம். 26 பாகைக்கிட்ட வச்சா ஆண், 31 பாகைக்கிட்ட வச்சா பெண், நடுவுல 29 சுமாருக்குக் கலந்து வரும். மனுஷங்க மாதிரி கரு உண்டாகுற நிமிஷத்துலயே முடிவாகுறதில்ல, அடைகாக்குற நாளோட நடுப்பகுதியிலதான் முடிவாகும்.

இதை முதல்ல கவனிச்சது ஆமையில இல்ல. 1966ல மாடலின் ஷார்னியே என்ற விஞ்ஞானி செனிகல்ல ஒரு ஓணான் இனத்தோட முட்டையில கண்டுபிடிச்சாங்க. 1971ல குளோட் பியோ ஆமையிலயும் அப்படித்தான்னு காட்டினார்.

அதனாலதான் குட்டியில வெளி அடையாளம் தேடுறது இவ்வளவு முக்கியம். உலகம் சூடாகிட்டே போனா எல்லாம் பெண்ணாவே பொரிக்கும்னு பயம், ஆனா குட்டியைப் பார்த்தா ஆணா பெண்ணான்னு தெரியாது. முன்னாடி குட்டியை அறுத்துப் பார்த்துதான் உறுதி பண்ணாங்க. இப்போ ஓட்டு மேல பல புள்ளிகளைக் குறிச்சுப் படம் எடுத்து, உருவத்தோட கோணலைக் கணினியில ஒப்பிட்டு, ஆண் குட்டி ஓட்டையும் பெண் குட்டி ஓட்டையும் பிரிக்கப் பார்க்குறாங்க. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் கணக்குக்குத் தெரியுது. 2020ல ஒரு துளி ரத்தத்துல ஒரு ஹார்மோனைப் பார்த்து, பொரிச்ச சில நாள்லயே சொல்ல முடியும்னு காட்டினாங்க, கடலாமையிலயும் இதே சிவப்புக் காது ஆமையிலயும். ஊசி குத்தணும், ஆனா உயிர் போகாது.

#17 கோலகங்சார் குமார்
சனி, மதியம் 12.30

அருமை தமிழரசி. வெப்பம் என்பது எல்லா ஆமைக்கும் பொதுவானது என்று நினைக்கிறேன்.

இதோடு என் கேள்வியும். நேற்று மழைக்குப் பின் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் பின்னால், லோங்கான் என்ற சாக்கடைக் கால்வாயில் ஒரு ஆமை கிடைத்தது. முழுக்கக் கறுப்பு, முதுகில் மூன்று மேடு, தடித்த கழுத்து, கன்னத்தில் வெள்ளைத் திட்டு. ஒரு ஜோடி சேர்த்து வளர்க்கலாம் என்று எண்ணம். இது ஆணா பெண்ணா?

#18 படிவம் ஐந்து தமிழரசி
சனி, மதியம் 12.58

சார்!! அது கூரா-கூரா பிப்பி பூத்தே! நம்ம ஊர் சதுப்பு ஆமை. பொதுன்னு சொன்னீங்களே, அதுக்கு விதிவிலக்கே உங்க லோங்கான்ல கிடைச்சிருக்கு. அந்த இனத்துக்கு நம்மள மாதிரியே எக்ஸ், ஒய் குரோமோசோம் இருக்கு. மண்ணு சூடா இருந்தாலும் குளிர்ந்தாலும் முடிவு மாறாது. லாபி-லாபி குடும்பமும் வெப்பத்தைக் கேக்காது, அதுல கோழி மாதிரி பெண்ணுக்குத்தான் ரெண்டு வேற வேற குரோமோசோம்.

#19 கிளினிக் கலா, ஈப்போ
சனி, மதியம் 1.15

அந்த இனத்துல தலையில இருக்கிற வெள்ளைத் திட்டே ஒரு துப்பு. குட்டிக்கும் பெண்ணுக்கும் பளிச்சுன்னு இருக்கும், ஆணுக்கு வயசாக ஆக மங்கிப் போகும். கூடவே ஆணுக்கு அடியோடு குழி, வால் தடி. திட்டு பளிச்சுன்னு இருந்தா பெண்ணு, இல்லன்னா இன்னும் பெரிசாகாத ஆண். உடம்பு அளவு தெரியாம அதுக்கு மேல சொல்ல முடியாது.

ஆனா சார், ஜோடி சேர்க்குற யோசனையை விட்டுடுங்க. நம்ம காட்டு ஆமையைப் பிடிச்சு வச்சிருக்க பெர்ஹிலித்தான், அதான் வனவிலங்குத் துறை, அனுமதி வேணும், 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அடிபடலன்னா எடுத்த இடத்துக்குப் பக்கத்துல, தண்ணி ஓரமா விட்டுடுங்க. உங்க வீட்டுத் தொட்டித் தண்ணியில மத்த ஆமையோட சேர்க்காதீங்க, நோய் ஒட்டும். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க, சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

#20 ஈயக்குட்டை மாமா, கம்பார்
சனி, மாலை 4.05

கலர் பார்த்துச் சொல்றதுன்னா எங்க பேராக் ஆத்து ஆமை துந்தோங்கைச் சொல்லணும். போத்தா கானான்ல பெர்ஹிலித்தான் வளர்ப்பு மையம் இருக்கே, பேரனைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். சேருற காலத்துல ஆம்பளை தலை கழுத்தெல்லாம் கன்னங்கரேல்னு மாறி, கண்ணு மட்டும் வெளுத்துப் போய் நிக்கும். பொம்பளை அதே மண்ணு கலர்ல, பழுப்புக் கண்ணோட இருக்கும். கல்யாண மாப்பிள்ளை கோட்டு போட்ட மாதிரின்னு பேரன் சொன்னான். அதோட சொந்தக்காரன் துந்தோங் லாவூத் இன்னும் ஒரு படி மேல. ஆம்பளை தலை வெள்ளையாகி, நெத்தியில நாமம் போட்ட மாதிரி சிவப்புக் கோடு. தொடவே வேணாம், பத்தடி தள்ளி நின்னே சொல்லிடலாம்.

காலம் போனா கோட்டைக் கழட்டிடுவான். அப்போ போனா கலரை நம்பாதே, வாலைப் பாரு.

#21 லயன்வீட்டு வாசு, சுங்கை சிப்புட்
ஞாயிறு, இரவு 9.10

முட்டையை ஃப்ரீசர்ல வச்சாச்சு. அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசல. பேர் விஷயத்துல சின்னவ ஜெயிச்சுட்டா: ராஜா ராஜாவாவே இருக்கட்டும், "ராஜா அக்கா"ன்னு கூப்பிடுறா. ராணி அண்ணனுக்குத் தனித் தொட்டி. இப்போ கண்ணாடியில தெரியுற தன் நிழலைப் பார்த்துக் கையை நடுக்கிகிட்டு இருக்கான்.

#22 கோலகங்சார் குமார்
திங்கள், காலை 7.22

விட்டுவிட்டேன். விடியற்காலை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். லோங்கான் போய்ச் சேரும் செம்பனைத் தோட்டத்து ஓரச் சதுப்பில், புல் மறைவில் வைத்தேன். கால் மணி நேரம் தலையை உள்ளேயே வைத்திருந்தது. எனக்குக் கொசுக்கடி. பிறகு மெதுவாகக் கழுத்தை நீட்டி, என்னையே பார்த்தது. வெள்ளைத் திட்டு டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தது. அடுத்த நொடி சேற்றுக்குள் போய்விட்டது, ஒரு குமிழி மட்டும் மேலே வந்தது.

திட்டைப் பார்த்துக்கொண்டே நின்றதில், வாலைப் பார்க்க மறந்துபோனேன்.